ஓரியூர்ச் செம்மண்ணும் எங்கள் வீட்டுப் பத்து மணியும்

பீரோவில் சங்கிலி இல்லை என்பது எனக்குத் தெரிந்தது ஜனவரி கடைசியில், தங்கை வீட்டு வளைகாப்புக்குக் கிளம்பும்போது. என் வீட்டுக்காரர் ஆத்தங்குடித் தரைக்கல் செய்யும் பட்டறை வைத்திருக்கிறார். கல் வாங்கியவர்களிடமிருந்து பணம் வரவில்லை, ஆட்களுக்குக் கூலி கொடுக்க வேண்டும், எடுத்துக்கொண்டுபோய் அடகு வைத்துவிட்டார். காரணம் நியாயமானதுதான். கேட்டிருந்தால் நானே கழற்றிக் கொடுத்திருப்பேன். கேட்கவில்லை, அதுதான் வலி. பதினோரு நாள் அவரோடு பேசவில்லை. பிள்ளைகள் வழியாகத்தான் செய்தி போகும்: "அப்பாவைச் சாப்பிட வரச் சொல்லு." "அம்மாகிட்ட காபி கேளு."

அந்த நாட்களில் காரைக்குடியில் பழனிப் பாதயாத்திரைக் கூட்டம். தைப்பூசத்துக்கு நகரத்தார் காவடியோடு குன்றக்குடி வழியாகப் பழனிக்கு நடப்பார்கள். எங்கள் தெருவிலிருந்து போகிறவர்களுக்கு அத்தை வழக்கம்போல வாசலில் நின்று மோர் கொடுத்தார். செம்பை உள்ளே கொண்டுவந்து வைத்துவிட்டு என்னைப் பார்த்தார்.

"ஏத்தா, அவுக பழனி வரைக்கும் நடக்குறாக. நம்ம பஸ்ஸு ஏறி ஓரியூருக்குப் போயிட்டு வர முடியலையா? உங்க மாமா இருந்த வரைக்கும் வருசா வருசம் போனோம்."

ஓரியூரில் இருப்பது புனித அருளானந்தரின் கோயில். பிப்ரவரி 4ஆம் தேதி திருவிழாக் கூட்டத்தில் அத்தையைக் கூட்டிக்கொண்டு போக முடியாது. அதனால் அது முடிந்த பின் ஒரு புதன்கிழமை கிளம்பினோம். ஓரியூரில் புதன்கிழமை விசேஷம். போர்ச்சுகலிலிருந்து வந்த கத்தோலிக்கச் சாமியாரான அருளானந்தர் அங்கே வெட்டுப்பட்டது 1693ஆம் ஆண்டு பிப்ரவரி 4, ஒரு புதன்கிழமை. அந்த வருஷம் அதுவே தவக்காலம் தொடங்கும் திருநீற்றுப் புதனாகவும் இருந்தது.

புளிச்சோறும் துவையலும் கட்டிக்கொண்டு தேவகோட்டை, திருவாடானை வழியாகப் பயணம். திருவாடானை தாண்டியதும் பனைமரமும் சீமைக் கருவேலமும் தவிர வேறொன்றும் கண்ணில் படாது. நானும் அவரும் முன்னும் பின்னுமாக உட்கார்ந்திருந்தோம். மகன் பத்தாம் வகுப்பு, காதில் ஒயரை மாட்டிக்கொண்டு தூங்கிவிட்டான். ஆறாம் வகுப்பு படிக்கும் மகளுக்கு அத்தை அருளானந்தர் கதையைச் சொல்லிக்கொண்டு வந்தார். எனக்கும் தெரிந்த கதைதான். ஆனாலும் அன்றைக்கு வேறு மாதிரி காதில் விழுந்தது.

லிஸ்பனில் பெரிய குடும்பத்துப் பிள்ளை அவர், 1647இல் பிறந்தவர். சின்ன வயதிலேயே அப்பா போய்விட்டார். பையன் நோயில் கிடந்தபோது, பிழைத்தால் ஒரு வருஷம் சேசு சபைத் துறவிகளின் அங்கியை உடுத்தி விடுகிறேன் என்று தாய் சவேரியாருக்கு நேர்ந்துகொண்டார். பிழைத்தான், உடுத்தினான். அப்புறம் அந்த உடுப்பு அவனை விடவில்லை. இந்தியாவுக்குப் போகிறேன் என்றபோது அதே தாய் எவ்வளவோ தடுத்துப் பார்த்தார். "நேந்துக்கிட்டதும் அவுகதான், அழுததும் அவுகதான்" என்றார் அத்தை. இங்கே வந்தவர் காவி கட்டி, மாமிசம் விட்டு, பண்டாரச் சாமியாராக மறவர் சீமையெல்லாம் நடந்தார். அருளானந்தர் என்ற பெயரும் இங்கே வந்ததுதான்.

அந்தச் சீமையில் அரச குடும்பத்தைச் சேர்ந்த தடியத்தேவர் தீராத நோயிலிருந்து குணமாகி, ஞானஸ்நானம் கேட்டார். அவருக்குப் பல மனைவியர். ஒருத்தியோடு மட்டும் வாழ்வதானால் சரி என்றார் சாமியார். மூத்தவரை வைத்துக்கொண்டு மற்றவர்களை அனுப்பிவிட்டார் தடியத்தேவர். அனுப்பப்பட்டவர்களில் இளையவள், அந்தச் சீமையை ஆண்ட கிழவன் சேதுபதியின் உறவுக்காரப் பெண். அவள் சேதுபதியிடம் போய் முறையிட, சாமியார் பிடிபட்டு, ஓரியூரில் பாம்பாற்றங்கரையில் தலை போனது.

"அந்தச் சின்னம்மா அப்புறம் எங்க போனாங்க அப்பத்தா?" என்றாள் மகள்.

அத்தையிடம் பதில் இல்லை. பிரசங்கத்திலும் நான் கேட்டதில்லை. ஒரு தாலிக்காக உயிரைக் கொடுத்த புனிதர் என்றுதான் சின்ன வயதிலிருந்து சொல்லித் தந்திருக்கிறார்கள். நானும் அப்படித்தான் நம்புகிறேன். ஆனாலும், தன்னைக் கேட்காமல் தன் வாழ்க்கையை இன்னொருவர் முடிவு செய்துவிட்ட ஒரு பெண்ணின் கோபம் எனக்கு அன்றைக்குக் கொஞ்சம் புரிந்தது. புனிதர் மன்னிப்பாராக. சங்கிலி வேறு, அது வேறு என்று எனக்கும் தெரியும்.

கோயிலில் மொட்டை போட்ட குழந்தைகள், தொட்டில் கட்டும் தம்பதிகள், ஒரு ஓரத்தில் நேர்ச்சைக் கிடா. பாதிப்பேர் நெற்றியில் திருநீறும் குங்குமமும் இருந்தன. அருளானந்தர் இந்தப் பக்கத்து எல்லாருக்கும் சாமிதான், நம்மவர் என்று நாம் மட்டும் உரிமை கொண்டாட முடியாது. பூசை முடியும்வரை அத்தையை நடுவில் உட்கார வைத்து இந்தப் பக்கம் நான், அந்தப் பக்கம் அவர். அத்தை ஜெபமாலையை உருட்டிக்கொண்டே தூங்கி வழிந்தார்.

அப்போதுதான் எங்கள் கல்யாணத்தன்று சொன்ன வார்த்தை நினைவுக்கு வந்தது. "இன்பத்திலும் துன்பத்திலும், உடல் நலத்திலும் நோயிலும் நான் உமக்குப் பிரமாணிக்கமாய் இருந்து..." அன்றைக்கு அந்தப் பிரமாணிக்கம் என்ற சொல் என் வாயில் சிக்கிக்கொண்டது, சாமியார் இரண்டு தரம் எடுத்துக் கொடுத்தார். இன்னொருத்தியைத் தேடிப் போகாமல் இருப்பது என்றுதான் இத்தனை வருஷமும் அதற்கு அர்த்தம் வைத்திருந்தேன். அந்த வகையில் என் வீட்டுக்காரர் சொக்கத் தங்கம். ஆனால் பீரோ சாவியும் அந்தச் சொல்லுக்குள் வருமா? பதினோரு நாள் வாயைப் பூட்டி வைத்தேனே, அது வருமா? பீடத்தைப் பார்த்துக் கேட்டுக்கொண்டிருந்தேன். திரும்பினால் அவர் இடம் காலி. சாமியாரிடம் பாவத்தைச் சொல்லி மன்னிப்புக் கேட்கும் பாவசங்கீர்த்தன வரிசையில் நின்றுகொண்டிருந்தார். எத்தனை வருஷத்துக்குப் பிறகு என்று தெரியவில்லை, நான் கேட்கவும் இல்லை.

வெளியே வந்து செம்மண் எடுத்தோம். புனிதரின் ரத்தம் பட்டுச் சிவந்த மண் என்பது நம்பிக்கை. நெற்றியில் பூசிக்கொள்வார்கள், தண்ணீரில் கரைத்துக் குடிப்பவர்களும் உண்டு. மகள் உள்ளங்கை நிறைய அள்ளிப் பார்த்துவிட்டு, "அப்பா கை மாதிரியே இருக்கு" என்றாள். இருபது வருஷமாகக் கண்ணாடிமேல் சாயக் கலவை ஊற்றுகிற கை அவருடையது. நகக்கண்ணில் ஏறிய காவி எந்தச் சோப்புக்கும் போகாது. அந்தக் கையை அவர் வேட்டியில் துடைத்துக்கொண்டார். பிள்ளைகள் கொஞ்சம் தள்ளிப் போனதும் சொன்னார்:

"சொல்லாம எடுத்தது தப்புதான். நீ வேணாம்னு சொல்லிட்டா என்ன பண்றதுன்னு பயம்."

"வேணாம்னு சொல்லியிருக்க மாட்டேன்."

"இப்ப தெரியுது."

அவ்வளவுதான் பேச்சு. நானும் பதினோரு நாள் பேசாமல் இருந்ததற்கு மன்னிப்புக் கேட்டிருக்க வேண்டும். அப்போது வாய் வரவில்லை. "சாப்பிடலாம், பசிக்குது" என்றேன்.

சாப்பிடும்போது அத்தை மிச்சக் கதையைச் சொல்லி முடித்தார். மகன் இறந்த சேதி லிஸ்பனுக்குப் போனபோது, அந்தத் தாய் துக்க உடுப்பு உடுத்தாமல் விழா உடுப்பில் அரசர் முன் போய் நின்றார் என்பார்கள். "என்னால ஆகாதுத்தா" என்றார் அத்தை. என்னாலும்தான்.

திரும்பும்போது கொஞ்சம் சுற்றிச் சருகணியில் இறங்கி, 1973இல் காலமான லெவே சாமியாரின் கல்லறையில் மெழுகுவர்த்தி வைத்தோம். இந்த வறண்ட காட்டில் ஊருணி கண்மாய் வெட்ட ஜனங்களைத் திரட்டிய பிரெஞ்சுக்காரர் அவர். இருட்டிவிட்டதால் அதிகம் நிற்க முடியவில்லை.

மாமா இருந்தவரை எங்கள் வீட்டில் ராத்திரி ஏழரைக்கு ஜெபமாலை. டிவியை அவரே எழுந்து அணைப்பார். அவர் போன பின் அந்த நேரம் மெல்ல மெல்லச் செல்போன்களுக்குப் போய்விட்டது. ஓரியூரிலிருந்து வந்த ராத்திரி அத்தை கேட்டது முழு ஜெபமாலை இல்லை, மாலையில் பத்து மணி உருட்டும் அளவு ஜெபம் மட்டும். "ஒரு பத்து மணி போதும். எல்லாரும் ஒண்ணா உக்காந்தாப் போதும்."

முதல் நாள் ஒரே கூத்து. அத்தை பழைய முறைப்படி "பிரியதத்தத்தினாலே பூரண மரியாயே" என்று ஆரம்பித்தார். நானும் அவரும் "அருள் நிறைந்த மரியே". பிள்ளைகள் படித்தது "அருள் மிகப் பெற்ற மரியே". ஒரு கூடத்தில் மூன்று தலைமுறை, மூன்று மொழிபெயர்ப்பு. மகன் சிரிப்பை அடக்க முடியாமல் குப்புற விழுந்தான். மாதாவுக்கு எதுவானாலும் புரியும் என்று அவரவர் போக்கில் விட்டுவிட்டோம்.

முடிந்ததும் பிள்ளைகள் அப்பத்தாவிடம் போய்த் தோத்திரம் சொல்ல, அவர் நெற்றியில் சிலுவை போடுவார். மகன் முதலில் கூச்சப்பட்டான், இப்போது தலையை மட்டும் நீட்டுகிறான். காலையில் உலை வைக்கும்போது கோயிலுக்கென்று பிடியரிசி எடுத்து ஒரு பானையில் போட்டு வைக்கும் வழக்கத்தையும் திரும்ப ஆரம்பித்திருக்கிறேன். அந்தப் பானையில்தான் ஓரியூர் மண் பொட்டலமும் இருக்கிறது. ஞாயிற்றுக்கிழமை அரிசியைக் கோயிலுக்குக் கொண்டுபோகும்போது, பொட்டலத்தையும் சேர்த்துக் கொட்டிவிடாமல் பார்த்துக்கொள்ள வேண்டும்.

தினமும் நடக்கிறது என்று சொன்னால் பொய். வாரத்தில் நாலு நாள் நடக்கும். பட்டறைக் கணக்கை அவர் இப்போது சனிக்கிழமை சனிக்கிழமை என்னிடம் சொல்கிறார், அதில் இரண்டு தரம் சண்டையே வந்துவிட்டது. சண்டை நடந்த ராத்திரி ஜெபத்துக்கு உட்காருவது இருக்கிறதே, அது ஓரியூருக்கு நடந்தே போவதைவிடக் கஷ்டம். "எங்கள் பாவங்களைப் பொறுத்தருளும்" என்று வரும் இடத்தில் என் குரல் தானாக இறங்கிவிடுகிறது. அத்தை அதைக் கவனித்துவிட்டு, அந்த வரியை மட்டும் இன்னும் சத்தமாகச் சொல்கிறார்.

சங்கிலி இன்னும் அடகில்தான். போன வெள்ளிக்கிழமை அவர் லோடு ஏற்றிவிட்டு வர நேரமாகிவிட்டது. நாம் ஆரம்பிக்கலாம் என்றேன். "அப்பா வரட்டும்மா" என்று மகன் செல்போனைக் கவிழ்த்து வைத்துவிட்டுச் சுவரில் சாய்ந்துகொண்டான். மகள் தூங்கிவிட்டாள். சோறு ஆறிப்போனது. அவர் காவிக் கையோடு உள்ளே நுழையும்போது கடிகாரத்தில் சரியாகப் பத்து மணி.