பெட்ரோல் பைக்கை மின்சார வண்டியாக்கிய அனுபவம்

பெட்ரோல் பைக்கை வீட்டிலேயே மின்சாரத்துக்கு மாற்றப் போகிறேன் என்று சொன்னதும் எல்லாரும் கேட்டது ஒன்றுதான்: "என்ன மோட்டார் போடப் போறே?" மோட்டாரைக் காசு கொடுத்து வாங்கிவிடலாம். மோட்டாருக்குப் போகும் மின்சாரத்தைக் கட்டுப்படுத்தும் கன்ட்ரோலர், சார்ஜர் எல்லாமே அப்படித்தான். கடையில் கிடைக்காதது இவை உட்காருவதற்கான இடமும், ஒன்றை ஒன்றோடு சேர்க்கும் இணைப்புகளும். என் உழைப்பில் பெரும்பகுதி அங்கேதான் போனது.

முதலில் சேஸிஸ், அதாவது வண்டியின் சட்டகம். பல பைக்குகளில் இன்ஜினே சேஸிஸின் ஒரு பாகமாக வேலை செய்யும். கீழ்க் குழாய் பாதியில் நின்றுவிடும், மீதி பாரத்தை இன்ஜின் உடம்பு தாங்கும். அப்படிப்பட்ட வண்டியில் இன்ஜினைக் கழற்றினால் நடுவில் பிடிமானமே இருக்காது. அதனால்தான் இரண்டு குழாய்கள் இன்ஜினுக்கு அடியில் வளைந்து பின்னால் போய்ச் சேரும் வகைச் சேஸிஸ் உள்ள பழைய 150 சிசி வண்டியாகப் பார்த்து எடுத்தேன். பின் சக்கரத்தைத் தாங்கும் ஸ்விங் ஆர்ம் போல்ட்டையும் பார்க்க வேண்டும். சில மாடல்களில் அது இன்ஜின் உடம்புக்குள் புகுந்துதான் வெளியே வரும். அந்த வண்டிகளில் இன்ஜின் போன இடத்தில் அதே அகலத்துக்குப் புஷ் (போல்ட் நுழையும் உருளை) கடைந்து போட வேண்டியிருக்கும்.

இன்ஜின், சைலன்சர், கார்பரேட்டர், ஏர் பில்டர் எல்லாம் இறங்கின. பெட்ரோல் டேங்கை மட்டும் தூக்கிப் போட மனம் வரவில்லை. அடியை வெட்டிவிட்டால் மேல்பாகம் நல்ல மூடியாகும், வண்டியின் முகமும் மாறாது. ஆனால் காலி டேங்கை நிறைந்த டேங்கைவிட மோசமாகத்தான் நினைக்க வேண்டும். உள்ளே தங்கியிருக்கும் பெட்ரோல் ஆவிக்கு கிரைண்டரின் ஒரு பொறி போதும். அந்த வேலையை டேங்க் வேலையே தொழிலாகச் செய்பவரிடம் கொடுத்துவிட்டேன்.

அப்புறம் பேட்டரி. லித்தியம் அயர்ன் பாஸ்பேட் செல்லைத் தேர்ந்தெடுத்தேன். அதே எடைக்கு மற்ற லித்தியம் வகைகளைவிடக் கொஞ்சம் குறைவாகத்தான் மின்சாரம் பிடிக்கும். ஆனால் சூட்டைத் தாங்குவதில் அவற்றைவிட நிதானமானது. காலுக்கு நடுவில் வைத்துக்கொண்டு போகப் போகிற பொருள் என்பதால் இதில் எனக்கு இரண்டாவது யோசனையே இல்லை. 50 ஆம்பியர்-மணி செல்கள் 24, வரிசையாக. ஒரு செல் 3.2 வோல்ட் என்றால் மொத்தம் 76.8 வோல்ட், சுமார் 3.8 யூனிட். முழு சார்ஜில் 87.6 வோல்ட் வரை ஏறும். '72 வோல்ட் கன்ட்ரோலர்' என்று பெட்டியில் போட்டிருப்பதை நம்பி வாங்கக் கூடாது. அதிகபட்சம் எத்தனை வோல்ட் தாங்கும் என்று விவரத் தாளில் பார்த்துத்தான் வாங்க வேண்டும்.

செல்களை அடுக்குவதற்கு முன் எல்லாவற்றையும் பக்க இணைப்பில் சேர்த்து, 3.65 வோல்ட்டுக்கு ஒன்றாக ஏற்றிச் சமப்படுத்தினேன். இதற்கு நிறைய நேரம் பிடிக்கும், பொறுமை வேண்டும். இதை விட்டுவிட்டால் ஒரு செல் முன்னாடியே நிரம்பி, செல்களைக் கண்காணித்துக் காக்கும் மின்சுற்றான பி.எம்.எஸ். சார்ஜை வெட்டிவிடும். மற்ற செல்கள் அரைகுறையாகவே நிற்கும்.

இணைப்புகளைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகவே சொல்ல வேண்டும். 24 செல்லுக்கு 48 முனை, ஒவ்வொன்றிலும் ஒரு நட்டு. ஒரே ஒரு இணைப்பில் 1 மில்லி ஓம் தடை கூடுதலாக இருந்தால் என்ன ஆகும்? 100 ஆம்பியர் போகும்போது அந்த இடத்தில் மட்டும் 10 வாட் சூடு. விரல் நுனி அளவு இடத்தில் 10 வாட் என்பது சின்ன விஷயம் இல்லை. சூடு ஏற ஏற நட்டு தளரும், தளர்ந்தால் தடை இன்னும் கூடும். அலுமினிய முனைகளில் காற்று பட்டதும் ஒரு மெல்லிய படலம் வந்துவிடுவதால், நைசான உப்புத்தாளால் தேய்த்து, துடைத்து, உடனே செல்லோடு செல்லைச் சேர்க்கும் தகடான பஸ்பாரை வைத்து, முறுக்கும் விசையை அளந்து காட்டும் டார்க் ஸ்பேனரால் முறுக்கினேன். பிறகு சீரான ஒரு மின்னோட்டத்தை ஓடவிட்டு, மல்டிமீட்டரை மில்லிவோல்ட்டில் வைத்து ஒவ்வொரு இணைப்பின் குறுக்கேயும் அளந்தேன். எல்லாம் ஏறக்குறைய ஒரே எண் காட்ட வேண்டும். ஒரு இணைப்பு மட்டும் பக்கத்தில் உள்ளவற்றைப்போல இரண்டு மடங்கு காட்டியது. கண்ணால் பார்த்தால் எந்தக் குறையும் தெரியவில்லை. கழற்றினேன். பஸ்பார் துளையின் ஓரத்தில் ஒரு பிசிறு நீட்டிக்கொண்டு, தகடு முழுதாகப் படியவிடாமல் தூக்கிப் பிடித்திருந்தது. அரத்தால் ஒரு இழுப்பு இழுத்து மாட்டியதும் எண் மற்றவற்றோடு சேர்ந்துவிட்டது.

இந்த வேலை முழுக்கக் கையில் மோதிரம், வாட்ச் கிடையாது. ஸ்பேனரின் கைப்பிடி முழுக்க இன்சுலேஷன் டேப். 60 வோல்ட்டுக்கு மேல் போன நேர்மின்சாரம் உயிருக்கே ஆபத்தானது. செல் முனைகளுக்குக் குறுக்கே ஸ்பேனர் விழுந்தால் அது அங்கேயே ஒட்டிப் பழுத்துவிடும்.

பல் சக்கரக் கணக்கு எனக்கு மிகவும் பிடித்த பகுதி. என் பின் டயர் 100/90-17, ஒரு சுற்றுக்கு சுமார் 1.92 மீட்டர். 80 கிலோமீட்டர் வேகத்துக்குச் சக்கரம் நிமிடத்துக்கு 694 சுற்று சுற்ற வேண்டும். மோட்டார் பாரத்தோடு 4000 சுற்று போகும். அப்படியானால் சக்கரம் ஒரு சுற்றுச் சுற்ற மோட்டார் எத்தனை சுற்று என்ற மொத்த விகிதம் 5.8 அளவில் வேண்டும். பழைய வண்டியில் முன்னால் 14 பல், பின்னால் 42 பல்; அது வெறும் 3 தான். கியர்பாக்ஸ் செய்த மீதிக் குறைப்பு இன்ஜினோடு போய்விட்டதே! மோட்டாரை அந்தப் பல்லோடு நேராக மாட்டினால் கணக்கில் 150 கிலோமீட்டர் வேகம் வரும், நிஜத்தில் மேட்டில் ஏற முடியாமல் சூடாகி நிற்கும். அதனால் உள்ளேயே 2.35 மடங்கு கியர் குறைப்பு உள்ள மோட்டாரை எடுத்து, முன்னால் 17 பல் போட்டேன். பின்னால் வண்டியோடு வந்த 42 அப்படியே இருக்கிறது. விகிதம் 5.8.

மோட்டார் தாங்கும் பிளேட்டை முதலில் அட்டையில் வெட்டிப் பார்த்தேன். அட்டை சரியாக உட்கார்ந்த பிறகுதான் இரும்பு. செயின் ஓடும் இரண்டு பல் சக்கரங்களின் (ஸ்ப்ராக்கெட்) பக்கத்திலும் நேர்க்கோல் வைத்தால் இடைவெளியே தெரியக் கூடாது. செயின் கொஞ்சம் கோணலாக ஓடினாலும் பல் ஒரு பக்கமாகத் தேயும்.

வயரிங்கில் விட்டுவிடக் கூடாதவை சில உண்டு. பேட்டரியை ஒட்டியே நேர்மின்சாரத்துக்கான பியூஸ். கன்ட்ரோலருக்குள் இருக்கும் கெப்பாசிட்டர்கள் வெறுமையாக இருக்கும்போது நேராக இணைத்தால் பெரிய பொறி பறக்கும், மொத்த மின்சாரத்தையும் இணைத்து வெட்டும் பெரிய சுவிட்சான கான்டாக்டரின் முனை தீய்ந்துவிடும். அதனால் முதலில் ஒரு ரெசிஸ்டர் வழியாக மெதுவாக நிரப்பிவிட்டு, அப்புறம்தான் கான்டாக்டர் மூடும்படி செய்தேன். விளக்கு, ஹாரனுக்கு 12 வோல்ட் தரும் கன்வர்ட்டர் தனி. பிரேக்கைத் தொட்டாலோ சைடு ஸ்டாண்டு போட்டிருந்தாலோ மோட்டார் ஓடக் கூடாது. சத்தமே இல்லாத வண்டி ஆன் ஆகியிருப்பதை மறந்து யாராவது ஆக்சிலேட்டரைத் திருகிவிடுவார்கள்.

பின் சக்கரத்தைத் தரையிலிருந்து தூக்கி வைத்து, மின்னோட்ட வரம்பை நன்றாகக் குறைத்துத்தான் முதலில் சுற்றவிட்டேன். மோட்டார் எந்த நிலையில் நிற்கிறது என்று சொல்லும் ஹால் சென்சார்களின் வரிசையைக் கன்ட்ரோலரே கற்றுக்கொண்டது. சுற்றும் திசையையும் அமைப்பிலேயே மாற்றிக்கொள்ளலாம்.

ஓட்டும்போது பெரிய வித்தியாசம் பிரேக்கில்தான். ஆக்சிலேட்டரை விட்டதும் இன்ஜின் இழுத்துப் பிடிக்கும் அந்தப் பழக்கம் இனி இல்லை, வண்டி வழுக்கிக்கொண்டு போகும். மோட்டாரையே பிரேக்காக்கி மின்சாரத்தைத் திருப்பலாம்தான். ஆனால் பேட்டரி முழுதாக நிரம்பியிருக்கும்போது அதற்குப் போக இடமில்லை. பி.எம்.எஸ். வெட்டிவிட்டால் வோல்டேஜ் எகிறிக் கன்ட்ரோலரைப் பதம் பார்க்கும். அதனால் மென்மையான அளவில் வைத்து, மேல் வோல்டேஜ் வரம்பு வந்ததும் அது தானாக நிற்கும்படி அமைத்திருக்கிறேன். சாதாரண பிரேக்குக்கு வேலை கூடிவிட்டதால் பிரேக் ஷூவும் புதிது.

பதிவு ஆவணத்தில் எரிபொருள் மாற்றம், இன்ஷூரன்ஸ் ஆகிய இரண்டையும் வண்டியைப் பிரிப்பதற்கு முன்பே விசாரித்துவிடுங்கள். விதி இடத்துக்கு இடம் மாறும். வெல்டிங் படம், வயரிங் வரைபடம், செல் விவரத் தாள் எல்லாம் ஒரே கோப்பில் இருந்தது ஆய்வில் எனக்கு மிகவும் உதவியது.

சார்ஜில் 85 சதவீதம்தான் பயன்படுத்துகிறேன். 50 கிலோமீட்டர் வேகத்தில் போனால் கிலோமீட்டருக்கு 30 வாட்-மணியை ஒட்டிச் செலவாகிறது, நூறு கிலோமீட்டர் தாராளமாக வரும். 75-ஐத் தாண்டினால் காற்றின் எதிர்ப்பு செலவை 50 வாட்-மணிக்குக் கொண்டுபோகிறது. நெடுஞ்சாலையில் போகும் நாளில் 65 கிலோமீட்டர் என்றே கணக்கு வைத்துக் கிளம்புகிறேன்.