ரவைக்கு ஒரு பில்

கர்நாடக சங்கீதத்தைக் கணினி கொண்டு ஆராயும் திட்டம் ஒன்றில், ஒரு தொழில்நுட்பப் பல்கலைக்கழகத்தில் வேலை பார்க்கிறேன். மின்பொறியியல், கம்ப்யூட்டர் சயின்ஸ் ஆட்களோடு ஒரு மிருதங்க வித்வானும் ஒரு பாட்டு டீச்சரும் இருக்கிறார்கள். ‘அதுக்கும் இதுக்கும் என்ன சம்பந்தம்?’ என்று கேட்காதவர்கள் குறைவு.

சம்பந்தம் பழசுதான். சி. வி. ராமன் 1920-லேயே சிவகாளி குமாருடன் சேர்ந்து நம் தோல்வாத்தியங்களைப் பற்றி ‘நேச்சர்’ இதழில் எழுதிவிட்டார். விறைப்பாகக் கட்டிய வெறும் வட்டத் தோலைத் தட்டினால் அதன் அதிர்வெண்கள் 1, 1.59, 2.14, 2.30 என்று ஒழுங்கில்லாத விகிதத்தில் வரும். அதனால்தான் பல கொட்டு வாத்தியங்களில் சத்தம் இருக்கிறது, சுரம் இருப்பதில்லை. மிருதங்கத்தின் வலது பக்கமான வலந்தலையில் இருக்கும் கரணை என்ற கருப்புப் பூச்சு, நடுவில் எடையைக் கூட்டி அந்த விகிதங்களை 1, 2, 3, 4, 5 என்ற முழு எண்களுக்குப் பக்கத்தில் இழுத்து வந்துவிடுகிறது. ஒன்பது அதிர்வு முறைகள் ஐந்து சுரங்களுக்குள் அடங்குவதை 1934 கட்டுரையில் ராமன் விரிவாகக் காட்டினார். ஆனால் கணக்கைத் தீர்த்து வைத்தவர்கள் மிருதங்கம் கட்டும் தொழிலாளர்கள். பூச்சு மேல் பூச்சாகப் பூசி, கல்லால் தேய்த்து, தட்டிக் கேட்டே கண்டுபிடித்திருக்கிறார்கள்.

பல துறைகள் சேரும் ஆராய்ச்சி என்றதும் எல்லோருக்கும் ஞாபகம் வருவது புரிந்துணர்வு ஒப்பந்தமும் கருத்தரங்கும்தான். கருத்தரங்கில் ஆளுக்கு இருபது நிமிடம் பேசுவார்கள், காபி குடிப்பார்கள், போட்டோ எடுத்துக்கொண்டு கிளம்புவார்கள். நான் பார்த்தவரை துறைகள் நிஜமாகச் சந்திக்கும் இடம் லேபிள் போடும் மேசை. பதிவு செய்த ஒலியில் எந்த நொடியில் என்ன நடக்கிறது என்று ஒருவர் கேட்டுச் சொல்ல, இன்னொருவர் குறிப்பார். அலுப்பான வேலை. பேராசிரியர்கள் இந்தப் பக்கம் அதிகம் வருவதில்லை.

மிருதங்கப் பதிவைச் சொல்கிறேன். கணினிக்குப் பழக்க ஒவ்வொரு சொல்லும், அதாவது பெயர் வைத்த ஒவ்வொரு அடியும், தனித்தனியாக வேண்டும் என்பது எங்கள் திட்டம். ‘நம்’ மட்டும் திரும்பத் திரும்ப, பிறகு சாப்பு மட்டும், பிறகு ‘தோம்’ மட்டும். வித்வான் பொறுமையாக வாசித்துக் கொடுத்துவிட்டுச் சொன்னார்: “தனியா கேட்டா தனியாத்தான்மா வரும். கச்சேரில அதுக்கு முன்னாடி ஒண்ணு, பின்னாடி ஒண்ணு இருக்கும்.” ஒலியை வரைந்து பார்த்தால் அவர் சொன்னது அப்படியே தெரிந்தது. இடது பக்கமான தொப்பியில் விழுந்த ‘தோம்’ அடங்குவதற்குள் வலந்தலையில் அடுத்த சொல் விழுந்துவிடுகிறது. முந்தையதன் கார்வை அடியில் ஓடிக்கொண்டே இருக்கிறது. அதற்கப்புறம் கோர்வையாக வாசிக்கச் சொல்லிப் பதிவு செய்து, நாங்களே வெட்டிக்கொண்டோம். வேலை பல மடங்கானது. ஆனால் கையில் கிடைத்தது மிருதங்கம்.

இதில் ரவைப் பிரச்சினை வேறு. தொப்பியின் நடுவில் ரவையைக் குழைத்து அப்பினால்தான் அந்த அடி நாதம் வரும். ஏசி அறையில் அது சீக்கிரம் காய்ந்து, ஒரு மணி நேரத்தில் சத்தமே மாறிவிடும். சுரண்டி எடுத்து மறுபடி அப்ப வேண்டும். ஏசியை நிறுத்தினாலோ சர்வர் அறைக்காரர் வந்து நிற்பார், இரண்டுக்கும் ஒரே இணைப்பு. ஆய்வகச் செலவில் ரவை வாங்கி பில் அனுப்பினேன். ‘சமையல் பொருள் அனுமதி இல்லை’ என்று திரும்பி வந்தது. ஒலியியல் விளக்கம் எழுதி மறுபடி அனுப்பினேன். ராமன் கட்டுரையையும் இணைத்தேன். பணம் வந்துவிட்டது. நான் எழுதியதிலேயே உடனடிப் பலன் தந்த ஆய்வுக் குறிப்பு அதுதான்.

பாட்டு டீச்சர் விஷயம் இதைவிடப் பெரியது. எங்கள் ஆராய்ச்சி மாணவன் ஒருவன், சில ராகங்களை இனம் காணும் நிரல் எழுதினான். கச்சேரிப் பதிவுகளைச் சின்னத் துண்டுகளாக வெட்டி, ஒரு பங்கைக் காட்டிப் பழக்கி, மீதியை வைத்துச் சோதித்தான். மதிப்பெண் பிரமாதம். கட்டுரை எழுதவே ஆரம்பித்துவிட்டான். நிரல் தப்பாகச் சொன்ன துண்டுகளை டீச்சர் ஹெட்போன் மாட்டிக் கேட்டுக்கொண்டிருந்தார். யாரும் கேட்கச் சொல்லவில்லை. தோடியைப் போய் வேறு ஏதோ ராகம் என்று சொல்லிவிட்டதே என்ற கோபம் அவருக்கு. கொஞ்ச நேரம் கழித்து, “சரியா சொன்னதையும் போடுப்பா” என்றார். கேட்டார். அப்புறம் சொன்னார்: “கண்ணா, இது தோடியைக் கண்டுபிடிக்கலை. பாடறது யாருன்னு கண்டுபிடிச்சிருக்கு.”

கோப்புகளில் பாடகர் பெயரே கிடையாது, வெறும் எண்தான். அவருக்கு எண் தேவைப்படவில்லை, முதல் சங்கதியிலேயே ஆள் தெரிந்துவிட்டது. சரியாக வந்த தோடியெல்லாம் இரண்டே பேருடையது, தப்பானதெல்லாம் மற்றவர்களுடையது. ஒரே கச்சேரியின் துண்டுகள் பழக்கும் பக்கத்திலும் சோதிக்கும் பக்கத்திலும் இருந்தால், நிரல் குரலையும் தம்புராவையும் மைக்கையும் மனப்பாடம் செய்துகொள்ளும். இசைக் கணிமையில் தெரிந்த வியாதிதான் இது. தெரிந்திருந்தும் நாங்கள் அட்டவணையைப் பார்த்தோம், அவர் பாட்டைக் கேட்டார். பழக்கும் பக்கத்தில் உள்ள பாடகர் சோதனையில் வரக்கூடாது என்று பிரித்து வைத்ததும் மதிப்பெண் சரிந்தது. மாணவன் முகம் தொங்கிப் போனது. கட்டுரை தாமதமானது, ஆனால் நம்பும்படி ஆனது.

அவனுடைய ஆய்வுக்குழுவில் ஒருவர், “இதில் மின்பொறியியல் எங்கே இருக்கிறது?” என்று கேட்டார். இன்னோர் இடத்தில் ஒரு மூத்த வித்வான், “எங்களுக்குத் தெரிஞ்சதைத்தானே மெஷின் சொல்றது, இதுல எங்களுக்கு என்ன?” என்றார். முதல் கேள்வி மேல் எனக்குப் பொறுமை கிடையாது. இரண்டாவது நியாயமானது, அதற்கு இன்றுவரை பாதிப் பதில்தான் வைத்திருக்கிறோம். தோடியின் காந்தார சுரத்தைத் திரையில் வரைந்தால், பாடுகிறவர் காந்தாரம் என்று ஓர் இடத்தில் நிற்பதே அரிது, ரிஷபத்துக்கும் மத்தியமத்துக்கும் நடுவில் ஊஞ்சலாடுவது கண்ணால் தெரியும். டீச்சருக்கு அந்தப் படம் பிடித்துப்போய்த் தன் மாணவிகளுக்குக் காட்ட ஆரம்பித்தார். பிறகு நிறுத்திவிட்டார். படத்தைப் பார்த்துப் பாடினால் படம் மாதிரி வருகிறது, தோடி மாதிரி வரவில்லையாம்.

ஆண்டு மதிப்பீட்டுப் படிவத்தில் கட்டுரை, காப்புரிமை, வழிகாட்டிய மாணவர்கள், கொண்டுவந்த நிதி என்று கட்டங்கள் உண்டு. கேட்டு லேபிள் போட்ட மணிநேரத்துக்குக் கட்டம் இல்லை. திட்டப் பணியில் சேரப் பொறியியல் பட்டம் வேண்டும், எனவே டீச்சருக்கும் வித்வானுக்கும் பதவி கிடையாது, ஓர் அமர்வுக்கு இவ்வளவு என்று மதிப்பூதியம்தான். கட்டுரையிலும் ‘நன்றி’ பகுதியில் பெயர் போட்டால் போதும் என்றார்கள். நாங்கள் சண்டை போட்டு டீச்சரை ஆசிரியர் வரிசையிலேயே சேர்த்தோம். அதற்கான படிவத்தில் ‘துறை’ என்ற இடத்தில் அவர் ‘பாட்டு’ என்று எழுதிக் கொடுத்தார். அலுவலகம் திருப்பி அனுப்பியது. இப்போது பதிவேட்டில் ‘மின்பொறியியல் (வருகை)’ என்று இருக்கிறது.