பள்ளிக்கூட மேசையில் களிமண்

ஓவிய ஆசிரியர்களில் பலருக்குப் பென்சிலும் வண்ணமும் கைவந்த அளவுக்குக் களிமண் வருவதில்லை. எனக்கும் அப்படித்தான். ஆறாம் வகுப்புப் பிள்ளைகளுக்குச் சிற்பம் சொல்லித்தர வேண்டும் என்றானதும், கோடை விடுமுறையில் மானாமதுரைப் பக்கம் அய்யனார் குதிரை செய்யும் வேளார் ஒருவரிடம் போய்ச் சேர்ந்தேன்.

எடுத்த எடுப்பில் உருவம் கிடையாது, மண் மிதிப்பதுதான். கண்மாய் மண்ணோடு மணலும் உமியும் கலந்தார். "வெறும் மண்ணுன்னா காயும்போது சுருங்கிப் பிளந்துரும் சார்" என்றார். பதம் பார்க்க, மண்ணைச் சின்னத் திரியாக உருட்டி விரலில் சுற்றச் சொன்னார். விரிசல் விழாவிட்டால் மண் தயார்.

ஆள் உயரத்தைத் தாண்டும் அந்தக் குதிரைகளுக்குள் ஒன்றுமே இல்லை. கால், வயிறு, கழுத்து எல்லாமே கூடு. திரிமேல் திரியாக வைத்து, உள்ளே ஒரு கை தாங்க, வெளியே பலகையால் தட்டித் தட்டி ஏற்றுகிறார். கீழே வைத்தது கொஞ்சம் இறுகும்வரை மேலே ஏற்றுவதில்லை. ஏற்றினால் எடை தாங்காமல் சரியும். கூடாகச் செய்வது மண்ணை மிச்சம் பிடிக்க மட்டும் இல்லை. தடித்த இடத்தில் ஈரம் உள்ளேயே தங்கிவிடும். சூளையில் சூடு 100 டிகிரியைத் தாண்டும்போது அது ஆவியாகி, பொருளையே வெடிக்கவைக்கும்.

இதைத்தான் வகுப்பில் முதலில் சொல்லித்தர வேண்டும் என்று எனக்குப் பட்டது. உருவம் அப்புறம் வரட்டும். கடையில் கிடைக்கும் எண்ணெய் சேர்த்த வண்ணக் களிமண் காய்வதே இல்லை, அதனால் இந்தப் பாடம் அதில் கிடைக்காது.

பிள்ளைகளுக்கு நான் கொடுத்த முதல் வேலை: உருண்டையில் கட்டைவிரலை இறக்கி, சுற்றிச் சுற்றிக் கிள்ளி ஒரு கிண்ணம். அதே மாதிரி இரண்டு கிண்ணங்களை வாயோடு வாய் ஒட்டினால் யானையின் உடம்பு வந்துவிடும். ஒட்டுவதில்தான் நேரம் போகிறது. இரண்டு விளிம்பையும் பழைய சீப்பால் குறுக்கும் நெடுக்குமாகக் கீறி, அதே மண்ணைத் தோசைமாவுப் பதத்தில் கரைத்துத் தடவி, அழுத்தி, சேரும் இடத்தை விரலால் இழுத்து மூட வேண்டும். வெறுமனே ஈரம் தொட்டு ஒட்டிய தும்பிக்கை காய்ந்ததும் கழன்று விழும். அடிவயிற்றில் ஊசியால் ஒரு துளை கட்டாயம், உள்ளே அடைபட்ட ஈரக் காற்று வெளியேற. பிறகு பாலிதீன் கவரைத் தளர்வாகப் போர்த்தி நிழலில் விட்டுவிடுகிறோம். வெயிலில் வைத்தால் காதும் வாலும் முந்திக் காய்ந்து வெடித்துவிடும்.

சுடாத மண் என்பதால் உடைந்தது எதுவும் வீணாவதில்லை. நன்றாகக் காயவிட்டு வாளித் தண்ணீரில் போட்டால் கரைந்துவிடும், மறுபடி பிசையலாம். கையையும் வாளியிலேயே கழுவச் சொல்கிறேன், குழாயடியில் கழுவினால் சாக்கடை அடைத்துக்கொள்ளும். வகுப்பு முடிந்ததும் துடைப்பம் வேண்டாம். காய்ந்த மண்தூசி நுரையீரலுக்கு ஆகாது, ஈரத்துணியால் துடைப்பதே நல்லது.

நன்றாக வந்தவற்றைத் தன் சூளையிலேயே வைத்துத் தருகிறேன் என்று வேளார் ஐயா சொல்லியிருக்கிறார். அவர் கேட்டது ஒன்றுதான்: எந்த இடமும் ஒரு விரல் தடிமனைத் தாண்டக் கூடாது, பச்சை ஈரத்தோடு எதையும் கொண்டுவரக் கூடாது.