நெருக்கத்தில் கரடி: முதலில் குண்டைத் தேர்ந்தெடுங்கள், துப்பாக்கி பிறகு

கரடி வேட்டைக்குக் கிளம்புகிறவர்கள் முதலில் கேட்பது காலிபரைப் பற்றி (அங்குலத்தில் .30, .375 என்று சொல்லும் குழல் விட்டம்), "எந்தக் காலிபர் போதும்?" என்றுதான். அதைவிட முக்கியமான கேள்வி, அந்தத் துப்பாக்கியில் போடப் போகும் தோட்டாவின் முனையில் எப்படிப்பட்ட குண்டு உட்கார்ந்திருக்கிறது என்பது. 200 மீட்டரில் மானைச் சுடும்போது சுமாரான குண்டும் வேலையைச் செய்துவிடும். 20 மீட்டரில் கரடியின் முன்சப்பையில், அதாவது தோள்பகுதியில், படும்போது அதே குண்டு சிதறிப்போகும்.

நெருக்கம் என்று இங்கே சொல்வது 40 மீட்டருக்கு உள்ளே. இரை வைத்துப் பரண்மேல் காத்திருக்கும் வேட்டையில் தூரம் பெரும்பாலும் 15 முதல் 30 மீட்டர். ஆல்டர் புதருக்குள் தடம் பிடித்துப் போகும்போது அது 10 மீட்டராகவும் குறுகலாம். கரடியால் மணிக்கு 50 கிலோமீட்டர் வேகத்தில் ஓட முடியும், அதாவது நொடிக்கு ஏறத்தாழ 14 மீட்டர். 30 மீட்டரில் அடிபட்ட கரடி உங்கள் பக்கம் திரும்பினால் கையில் இருப்பது இரண்டு நொடி. ஆகவே ஆயுதத்திடம் நாம் கேட்பது இரண்டுதான். முதல் வெடி எலும்பைத் தாண்டி உள்ளே போய் நுரையீரலையோ இதயத்தையோ கிழிக்க வேண்டும். அது தவறினால் அந்த இரண்டு நொடிக்குள் அடுத்த வெடி கிளம்ப வேண்டும். மற்றதெல்லாம் இதற்குப் பிறகு.

குண்டின் வழியில் என்னென்ன நிற்கின்றன என்று பாருங்கள். முதலில் நீளமான அடர்ந்த மயிர், அதன்கீழ் தடித்த தோல். குளிர்உறக்கத்துக்கு முன்னால், இலையுதிர் காலத்தில் என்றால், பல சென்டிமீட்டர் கொழுப்பு. அப்புறம் சப்பைத் தசை, சப்பை எலும்பு, விலா. கொழுப்பு காயத்தின் வாயை அடைத்துவிடும், கசியும் கொஞ்ச ரத்தத்தையும் மயிர் உறிஞ்சிக்கொள்ளும். அதனால் அடிபட்ட கரடியின் ரத்தத் தடம் மானுடையதைவிட மிகவும் குறைவு. ஒரு பக்கம் நுழைந்து மறுபக்கம் வெளியேறும் குண்டு இரண்டு துளை போடும். கீழ்ப்பக்கத் துளைதான் தடம் காட்டும். இதனால்தான் கரடி விஷயத்தில் ஊடுருவலை முதலிலும் விரிவடைவதை இரண்டாவதாகவும் வைக்கிறோம்.

சாதாரண வேட்டைக் குண்டு செம்பு உறைக்குள் ஈயம் வைத்தது. உறையும் ஈயமும் ஒன்றோடொன்று ஒட்டப்பட்டிருக்காது. .300 வின்செஸ்டர் மேக்னம் என்ற அதிவேகத் தோட்டாவில் 150 கிரெயின் (ஒரு கிரெயின் 0.065 கிராம்) குண்டு குழலை விட்டு நொடிக்கு ஆயிரம் மீட்டரை ஒட்டிய வேகத்தில் கிளம்பும். 20 மீட்டரில் அந்த வேகம் பெரிதாகக் குறைந்திருக்காது. சப்பை எலும்பில் அந்த வேகத்தில் மோதினால் உறை ஒரு பக்கம், ஈயம் ஒரு பக்கம் என்று பிரிந்து, தசையில் அகலமான ஆனால் ஆழமில்லாத காயம்தான் மிஞ்சும். "பெரிய மேக்னம்தானே, எதுவும் தாங்காது" என்ற நம்பிக்கை உடைவது இங்கேதான். நெருக்கத்தில் அதிக வேகம் மெல்லிய குண்டுக்கு எதிரி.

இதற்கு மூன்று வழி உண்டு. ஒன்று, நோஸ்லர் பார்ட்டிஷன் போல நடுவில் செம்புத் தடுப்பு வைத்த குண்டு. முன்பாதி விரிந்து தேய்ந்தாலும் பின்பாதி முழுதாக உள்ளே போகும். ஜான் நோஸ்லர் 1940-களின் கடைசியில் இதை உருவாக்கியதற்குக் காரணமே, நெருக்கத்தில் சுட்ட மூஸ் என்ற பெரிய மான் மேல் பழைய குண்டு சிதறிப்போனதுதான். ஸ்விஃப்ட் ஏ-ஃபிரேம் இதே வழியில் வந்தது, ஈயத்தை உறையோடு ஒட்டியும் இருப்பார்கள். இரண்டாவது, பார்ன்ஸ் டிஎஸ்எக்ஸ் போல முழுக்கச் செம்பாலான குண்டு. பிரிவதற்கு அதில் இரண்டு பொருளே இல்லை, எடையில் பெரும்பங்கைத் தக்க வைக்கும். மூன்றாவது, ஈயத்தோடு ஆன்டிமனியும் வெள்ளீயமும் கலந்து வார்த்த கடின ஈயக் குண்டு. முனை தட்டையாகவும் அகலமாகவும் இருக்க வேண்டும். இது விரிவடையாது, தட்டை முனையால் தசையை வெட்டிக்கொண்டு நேர்கோட்டில் போகும். மிதமான வேகமுள்ள லீவர் ரைபிளுக்கும் (விசைக்குக் கீழுள்ள நெம்பியை இறக்கி ஏற்றித் தோட்டா மாற்றுவது) ரிவால்வருக்கும் இதுவே சரி.

அடுத்தது குறுக்கு அடர்த்தி. குண்டின் எடையைப் பவுண்டில் எடுத்து, அங்குலத்தில் விட்டத்தின் வர்க்கத்தால் வகுத்தால் கிடைக்கும் எண். ஒரே கட்டுமானமுள்ள குண்டுகளுக்குள் இந்த எண் உயர உயர ஊடுருவல் கூடும். .30-06-இல் 180 கிரெயின் குண்டுக்கு 0.271, 220 கிரெயினுக்கு 0.331. .338-இல் 250 கிரெயினுக்கு 0.313. .375-இல் 300 கிரெயினுக்கு 0.305. .45-70-இல் 405 கிரெயினுக்கு 0.276, அதே துப்பாக்கியில் 300 கிரெயின் போட்டால் 0.204. ஸ்லக் என்ற ஒற்றைப் பெரிய ஈயக் குண்டு போடும் 12 கேஜ் ஷாட்கனில், ஒரு அவுன்ஸ் ஸ்லக்குக்கு வெறும் 0.118. ஸ்லக் போடும் துளையின் அகலத்தைப் பார்த்து மயங்குகிறவர்கள் இந்தக் கடைசி எண்ணை நினைவில் வைக்க வேண்டும்.

அமெரிக்க வனத்துறை அலாஸ்காவில் தன் பணியாளர்களின் பாதுகாப்புக்காக 15 கஜத் தூரத்தில் பலவகைத் தோட்டாக்களைச் சோதித்து 1983-இல் அறிக்கை வெளியிட்டது. .458 வின்செஸ்டர் மேக்னமும் .375 ஹாலண்ட் அண்ட் ஹாலண்டும் முன்னணியில் நின்றதில் வியப்பில்லை. 220 கிரெயின் குண்டு போட்ட சாதாரண .30-06 நல்ல இடம் பிடித்ததுதான் பாடம். கையில் .30-06 இருந்தால் புதுத் துப்பாக்கிக்குச் செலவழிப்பதற்கு முன் 200 அல்லது 220 கிரெயின் தரமான குண்டு இரண்டு பெட்டி வாங்கிப் பாருங்கள்.

கருங்கரடிக்கு .30-30-இல் 170 கிரெயின், .35 ரெமிங்டனில் 200 கிரெயின், .308-இல் 180 கிரெயின் எல்லாமே 40 மீட்டருக்குள் போதுமானவை. நாய்களை விட்டுக் கரடியை மரமேற்றும் வேட்டையில் நாள் முழுக்க ஓடி ஏற வேண்டியிருப்பதால் எடை குறைந்த .30-30 அல்லது .44 மேக்னம் கார்பைன் (குட்டைக் குழல் ரைபிள்) தான் வசதி. பழுப்புக் கரடி வேறு கணக்கு. கோடியாக் தீவிலும் அலாஸ்காக் கடற்கரையிலும் பெரிய ஆண் கரடி 500 கிலோவைத் தாண்டும். அங்கே .338 வின்செஸ்டர் மேக்னத்தில் 250 கிரெயின், .375-இல் 300 கிரெயின் என்பதை அடிப்படையாக வைத்துக்கொள்ளலாம். 1912-இல் வந்த .375 இன்றுவரை வழிகாட்டிகளின் தோளில் தொங்குவது பழக்கத்தால் அல்ல. நொடிக்கு 770 மீட்டரை ஒட்டிய வேகத்தில் குண்டு சிதறாது, ஆழமும் குறையாது. அலாஸ்காவில் வெளிமாநில அமெரிக்கர் பழுப்புக் கரடி வேட்டைக்குப் போனால் உரிமம் பெற்ற வழிகாட்டியோ, அம்மாநிலத்தில் வசிக்கும் நெருங்கிய உறவினரோ உடன் இருக்க வேண்டும் என்பது சட்டம். அந்த வழிகாட்டி உங்கள் காலிபரைப் பற்றிச் சொல்வதைக் கேளுங்கள்.

.45-70 பற்றிக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும், ஏனென்றால் புதர் வேட்டைக்கு இதைத்தான் அதிகம் பேர் வாங்குகிறார்கள், தவறான தோட்டாவோடு. 1873-இல் அமெரிக்க ராணுவம் ஏற்றுக்கொண்ட தோட்டா இது. அக்காலத்து டிராப்டோர் துப்பாக்கிகள் இன்னும் புழக்கத்தில் இருப்பதால், பெரிய நிறுவனங்கள் பல தோட்டாக்களைக் குறைந்த அழுத்தத்தில்தான் செய்கின்றன. மார்லின் 1895 போன்ற நவீன லீவர் ரைபிளுக்கு அதைவிட வலுவான தோட்டாக்கள் தனியாக வரும். பெட்டியின் மேல் எந்தத் துப்பாக்கிக்கு என்று எழுதியிருப்பதைப் படிக்காமல் வாங்கக் கூடாது, வலுவான தோட்டாவைப் பழைய டிராப்டோரில் போட்டால் துப்பாக்கியே சிதறலாம். 300 கிரெயின் குழிமுனைக் குண்டு மானுக்கானது, கரடிக்கு வேண்டாம். 400 முதல் 430 கிரெயின் வரை கடின ஈயத் தட்டைமுனை வாங்குங்கள். இன்னொன்று: லீவர் ரைபிளின் குழாய் மேகசினில் (தோட்டா அடுக்கும் குழாய்) தோட்டாக்கள் ஒன்றன்பின் ஒன்றாக நிற்கும், பின்னால் இருப்பதன் முனை முன்னால் இருப்பதன் பிரைமர்மேல், அதாவது தட்டினால் தீப்பற்றும் அடிப்பகுதிமேல், அழுந்தும். கூர்முனை உலோகக் குண்டு போட்டால் உதைப்பில் பிரைமர் தட்டப்பட்டு மேகசினுக்குள்ளேயே வெடிக்கலாம். தட்டைமுனையோ, லீவர் ரைபிளுக்கென்றே செய்த மென்முனையோ மட்டும்.

12 கேஜ் ஷாட்கன் மலிவு, எங்கும் கிடைக்கும், புதருக்குள் சுழற்ற வசதி. ஆனால் கடைகளில் அதிகம் கிடைக்கும் ஃபாஸ்டர் ஸ்லக் மென்மையான ஈயம், எலும்பில் பட்டதும் தட்டையாகிவிடும். பிரெனெக்கே வகைக் கடின ஸ்லக் அதைவிட வெகு ஆழம் போகும், ஷாட்கன்தான் வேண்டும் என்றால் அதை மட்டும் போடுங்கள். 00 பக்ஷாட் ரவையை மறந்துவிடுங்கள். ஒன்பது ரவை, ஒவ்வொன்றும் 8.4 மில்லிமீட்டர், தலா 54 கிரெயின்தான். தனித்தனியாக எதுவும் சப்பையைத் தாண்டாது. குழலின் வாய்முனைக் குறுகல் (சோக்) சிலிண்டர் அல்லது இம்ப்ரூவ்டு சிலிண்டர், அதாவது குறுகலே இல்லாததாகவோ மிகக் குறைந்ததாகவோ இருக்கட்டும். ஒற்றை மணிக் குறிமுள்ளை நம்பாமல் ரைபிள் போலப் பின்குறியும் பொருத்திக்கொள்ளுங்கள். தலையைச் சரியாக வைக்காவிட்டால் மணி மட்டும் உள்ள துப்பாக்கி உயரமாகச் சுடும்.

கைத்துப்பாக்கி இரண்டாம் ஆயுதம்தான். .44 மேக்னத்தில் 300 கிரெயின் கடின ஈயம், .454 கசூல், 2003-இல் வந்த .500 ஸ்மித் அண்ட் வெஸன் எல்லாம் வேலை செய்யும், சுடுகிறவரால் இரண்டாவது வெடியைக் குறியில் வைக்க முடிந்தால். பெரும்பாலோரால் முடியாது. வில்லுக்கு இடம் பரண் மட்டுமே: 20 மீட்டருக்குள், முழுப் பக்கவாட்டு நிலையில், அசையாத கருங்கரடி. 450 கிரெயினுக்குக் குறையாத அம்பு, அசையாத அலகு கொண்ட முனை, சவரக்கத்தி போல் கூர்மை. அலகு மழுங்கியிருந்தால் அம்பு தசையை அறுக்காமல் தள்ளிக்கொண்டு போகும்.

இனி இரண்டாவது வெடி. போல்ட் ரைபிளில் (கையால் தாழ் போல இழுத்துத் தள்ளுவது) மவுசர் 98 வகை நகம் தோட்டா மேகசினை விட்டு எழும்போதே அதன் விளிம்பைப் பிடித்துக்கொள்ளும். பதற்றத்தில் போல்ட்டைப் பாதி தள்ளி மீண்டும் இழுத்தாலும் தோட்டா வெளியே வந்துவிடும், இரண்டு தோட்டா ஒன்றோடொன்று சிக்காது. மற்ற வகையில் பாதித் தள்ளலுக்குப் பிறகு முதல் தோட்டா குழலின் வெடி அறையிலேயே நிற்க, அடுத்தது அதன் பின்னால் முட்டும். பம்ப் ஷாட்கனில் இதே பிழை வேறு உருவில் வரும்: கைப்பிடியை முழுக்கப் பின்னால் இழுக்காமல் முன்னால் தள்ளினால் அறை காலியாகவே மூடும், விசையை அழுத்தினால் "டிக்" என்ற சத்தம்தான். லீவரையும் அப்படியே, முழு வட்டமும் அடித்துத் திறந்து மூட வேண்டும். இது விரலுக்குப் பழகும்வரை போலித் தோட்டாவை வைத்து, தோளிலிருந்து துப்பாக்கியை இறக்காமல் பயிற்சி செய்யுங்கள்.

குறிநோக்கியில் 3-9 சக்தி (3 முதல் 9 மடங்கு பெரிதாக்கும்) ஸ்கோப் நெருக்கத்துக்கு ஆபத்து. ஒன்பதில் மறந்து விட்டுவிட்டால் 15 மீட்டரில் கண்ணாடி முழுக்கக் கறுப்பு மயிர்தான் தெரியும், சப்பையா வயிறா என்று புரியாது. 1-4 அல்லது 1.5-5 வாங்கி, நடக்கும்போது எப்போதும் மிகக் குறைந்த சக்தியில் வைத்திருங்கள். கண்ணுக்கும் ஸ்கோப்புக்கும் இடையே 9 சென்டிமீட்டராவது வேண்டும், இல்லையேல் .375-இன் உதைப்பில் புருவம் கிழியும். அகல வளையப் பின்குறியும் வெள்ளை முன்குறியும் மழைக்கும் பனிக்கும் நம்பகமானவை. அதிகம் பேர் கவனிக்காத ஒன்று: ஸ்கோப் குழலுக்கு 4 சென்டிமீட்டர் மேலே இருக்கிறது. 50 மீட்டருக்குக் குறி சரிசெய்த ரைபிள் 5 மீட்டரில் ஏறத்தாழ மூன்றரை சென்டிமீட்டர் கீழே அடிக்கும். பாய்ந்து வரும் கரடியின் மூளை அளவுக்கு அந்த வித்தியாசம் பெரிது.

குழல் 46 முதல் 51 சென்டிமீட்டர், மொத்த எடை 4 கிலோவை ஒட்டி, துருப்பிடிக்காத எஃகு, செயற்கைப் பொருளாலான பின்கட்டை. மழையும் சேறும் உள்ள இடத்தில் குழல்வாயில் ஒரு சுற்று மின்நாடா ஒட்டுங்கள், குண்டுக்கு முன்னால் ஓடும் காற்றே அதைக் கிழித்துவிடும். வாயில் அடைத்த சேற்றோடு சுட்டால் குழல் பிளக்கும். கடுங்குளிரில் எண்ணெய் கெட்டியாகி, பிரைமரைத் தட்டும் ஊசி மெதுவாக அடித்து வெடிக்காமல் போகும், போல்ட்டைக் கழற்றி எண்ணெயைத் துடைத்து உலர் மசகு போடுங்கள். இரவில் துப்பாக்கியைச் சூடான அறைக்குள் கொண்டுவராதீர்கள், ஈரம் படிந்து காலையில் உறையும்.

உதைப்பு தாங்காத காலிபர் வேண்டாம். .30-06-இன் உதைப்பு சுமார் 27 ஜூல், .375-இல் ஏறக்குறைய இரு மடங்கு. விசையை இழுக்கும்போது கண் மூடுகிறது என்றால் ஒரு படி இறங்குங்கள், நல்ல குண்டோடு .30-06-ஐச் சரியாக வைப்பது, .338-ஐ வயிற்றில் வைப்பதைவிட எவ்வளவோ மேல்.

குறி வைக்கும் இடம்: பக்கவாட்டில் நிற்கும் கரடியில் முன்கால் சப்பைக்குச் சற்றுப் பின்னால், உடலின் உயரத்தில் கீழிருந்து மூன்றில் ஒரு பங்கு. அடிவயிற்று மயிர் தொங்குவதால் உடல் உண்மையைவிடத் தாழ்ந்து தெரியும், அதை நம்பிக் குறியை இறக்காதீர்கள். பழுப்புக் கரடியில் சப்பையையே உடைக்கும்படி வையுங்கள், ஓட்டம் அங்கேயே தடைப்படும். நேராக வந்தால் தாடைக்குக் கீழே நெஞ்சின் நடு. நெற்றியைத் தேடாதீர்கள், மூளை சிறியது, பின்னால் தள்ளி இருக்கிறது, உச்சியில் மண்டையோடு போலத் தெரிவது தசைதான். விழுந்த பிறகும் அசைவு இருந்தால் மறுபடி சுடுங்கள், தோலைப் பற்றிக் கவலைப்பட இது நேரமல்ல.

இடுப்பில் மிளகாய்த் தெளிப்பானும் இருக்கட்டும். அலாஸ்கா நிகழ்வுகளை ஆராய்ந்து 2008-இல் வெளியான கட்டுரையில், பழுப்புக் கரடியின் அத்துமீறலை அது 92 விழுக்காடு நிகழ்வுகளில் நிறுத்தியது. குறைந்தது 225 கிராம், 7.5 மீட்டர் எட்டுவது வாங்குங்கள். அடிபட்ட கரடியைத் தேடிப் புதருக்குள் போகும்போது மட்டும் கை ரைபிளிலேயே இருக்க வேண்டும். அரைமணி காத்து, வெடி அறையில் தோட்டாவோடு, மேட்டுப் பக்கமாக, முதுகுப்புறத்திலிருந்து நெருங்குங்கள். நீளமான கொம்பால் திறந்திருக்கும் கண்ணைத் தொட்டுப் பாருங்கள். இமைத்தால் அடுத்த வெடி கழுத்து முள்ளில். கண் மூடியிருந்தால் அது இன்னும் சாகவில்லை என்றே வைத்துக்கொள்ளுங்கள்.