ஸ்கூட்டர் பிரேக்: டிரம்மில் இருந்து டிஸ்க்குக்கு
பிரேக்கை மேம்படுத்த நினைத்தால் முன் சக்கரத்தில் தொடங்குங்கள், ஏனென்றால் பிரேக் பிடித்ததும் எடை முன்னால் சாய்ந்து, வண்டியை நிறுத்தும் வேலையில் பெரும்பங்கு அந்தச் சக்கரத்துக்குத்தான் போகிறது. என் வண்டியில் டிரம்மைக் கழற்றி டிஸ்க் போட்டேன். டிஸ்க்கும், அதை இறுக்கிப் பிடிக்கும் காலிப்பரும் மட்டும் போதாது; காலிப்பரைத் தாங்கும் ஃபோர்க், வீல், லீவரை அழுத்தினால் பிரேக் ஆயிலைத் தள்ளும் மாஸ்டர் சிலிண்டர் எல்லாம் ஒன்றோடொன்று பொருந்த வேண்டும். எனக்கு ரொம்பப் பிடித்தது அந்த ஆயில் போகும் ஸ்டீல் பின்னல் ஹோஸ்: ரப்பர் ஹோஸ் அழுத்தத்தில் கொஞ்சம் உப்பும், இது அவ்வளவாக உப்பாது, லீவரைத் தொட்டதும் பிடி தெரிகிறது. அப்புறம் பிரேக் ஆயில். டாட் 4 என்ற ரகம் ஈரத்தை இழுக்கும், 2 ஆண்டுக்கு ஒருமுறை மாற்றிவிடுங்கள், டாட் 5 சிலிக்கான் ரகம் என்பதால் இரண்டையும் கலக்கவே கூடாது. லைனில் காற்று நின்றால் லீவர் பஞ்சு மாதிரி அமுங்கும், பொறுமையாக வெளியேற்றுங்கள்.