திருக்காவலூரில் ஒரு திருவருகை ஞாயிறு

தஞ்சாவூரிலிருந்து திருவையாறு வழியாகத் திருமானூர் போகும் பஸ்ஸில் எங்கள் பங்கு இளையோர் பதினொரு பேரும் நானும் ஏறினோம். கிறிஸ்மஸுக்கு முன் நான்கு வாரம் காத்திருந்து ஆயத்தமாகும் திருவருகைக் காலத்தின் முதல் ஞாயிறு. மழை விட்டிருந்தது. கொள்ளிடத்தில் செந்நீர் ஓடியது. ஏலாக்குறிச்சி அடைக்கல மாதா கோயிலுக்குத் திருப்பலி மணி அடிப்பதற்குள் போய்ச் சேர்ந்துவிட்டோம்.

"கிறிஸ்மஸுக்குப் பிறகு வந்தால் குடிலையும் பார்க்கலாமே" என்று வழியில் ஒருவன் முணுமுணுத்தான். அவனைக் குறை சொல்ல மாட்டேன். நட்சத்திரம் கட்டுவது, கேரல் ஒத்திகை, கேக் என்று இந்த நான்கு வாரங்களை நாங்கள் பெரியவர்களே தின்றுவிட்டோம்.

கோயிலில் அந்த ஆரவாரம் ஏதும் இல்லை. குருவானவர் ஊதா உடையில் வந்தார். வானவர் கீதம் என்னும் புகழ்ப்பாடல் பாடவில்லை. வாரத்துக்கு ஒன்றாக வைத்திருந்த நான்கு மெழுகுதிரிகளில் ஒன்று மட்டும் எரிந்தது. நற்செய்தி, "விழிப்பாயிருங்கள்" என்றது. டிசம்பர் 16 வரை வாசகங்களில் ஆண்டவரின் இறுதி வருகையே மேலோங்கி நிற்கும். 17ஆம் தேதிதான் பெத்லகேமை நோக்கித் திரும்பும். அன்று இயேசுவின் மூதாதையர் பட்டியல், மறுநாள் மரியாவின் கணவர் யோசேப்புக்குத் தூதர் செய்தி சொன்ன கனவு.

திருப்பலி முடிந்து மரத்தடியில் அமர்ந்தோம். இந்த ஊருக்குத் திருக்காவலூர் என்று பெயர் சூட்டிப் பாடியவர் வீரமாமுனிவர். இத்தாலியில் பிறந்து இங்கு வந்து, மாதாவின் மேல் கலம்பகம் பாடினார். நற்செய்திகளில் ஒரு வார்த்தைகூடப் பேசாத யோசேப்பை 'வளன்' என்று தமிழாக்கி, அவரைத் தலைவனாக வைத்துத் தேம்பாவணி என்னும் காப்பியத்தில் 3,615 பாடல்கள் எழுதினார். பேசாத மனிதருக்கு இவ்வளவு பேச்சு!

"காவலூர் என்றால் காவல் இருக்கும் ஊர். காவல் என்றால் விழிப்பு" என்று நான் தொடங்கினேன். சொல் விளையாட்டில் எனக்கே கொஞ்சம் பெருமை. கல்லூரி முதலாண்டு படிக்கும் பெண் இடைமறித்தாள்.

"விழித்திருக்கச் சொல்கிறார்கள். ஆனால், யோசேப்புக்குத் தூங்கும்போதுதானே செய்தி வந்தது, அண்ணா?"

என்னிடம் பதில் இல்லை. மருத்துவமனை ஒன்றில் இரவுப் பணி முடித்து நேரே வந்திருந்த செவிலியர் சொன்னார்: "விழிப்பு என்றால் கண்ணைத் திறந்தே வைத்திருப்பது இல்லை. எங்கள் வார்டில் கொஞ்சம் ஓய்ந்தால் முறை வைத்துக் கண் அயர்வோம். யாராவது முனகினால் போதும், கால் தரையில் இருக்கும்."

மத்தேயு முதல் அதிகாரத்தைப் புரட்டினேன். யோசேப்பு விழித்தெழுந்தார், தூதர் பணித்தபடியே செய்தார். கேள்வி கேட்டதாகவோ தவணை கேட்டதாகவோ ஒரு வரியும் இல்லை. அரசுத் தேர்வு முடிவுக்காக மாதக்கணக்கில் காத்திருக்கும் தம்பி ஒருவன் அந்த வசனத்தை வாங்கி இரண்டு முறை படித்தான். எதுவும் சொல்லவில்லை. நானும் கேட்கவில்லை.

திரும்பும்போது திருமானூரில் ஒரு மணி நேரம் பஸ் இல்லை. காத்திருப்பதைப் பற்றி உபதேசிக்க அருமையான சந்தர்ப்பம், வாயை மூடிக்கொண்டேன். செவிலியர் தோழியின் தோளில் சாய்ந்து தூங்கிப்போனார். தூரத்தில் ஹாரன் கேட்டது. நாங்கள் பைகளைத் தேடிக்கொண்டிருந்தபோதே அவர் எழுந்து சாலையோரம் போய்க் கையை நீட்டிவிட்டார்.