ரெண்டு ஓம், நாலு வயர்

நவம்பர் 4, செவ்வாய்

அம்மாவின் ஆஸ்பத்திரி ரிப்போர்ட் வரவில்லை. வெள்ளிக்கிழமை போன் பண்ணச் சொல்கிறார்கள்.

நவம்பர் 5, புதன்

காரின் பின்சீட்டுக்குப் பின்னால் இருக்கும் பலகையைக் கழற்றிவிட்டேன். அம்மா எப்போதும் இடது பக்கம்தான் உட்காருவாள், தலைக்கு நேர் பின்னால் சப்வூஃபர், பேஸ் ஒலிக்கான ஸ்பீக்கர். போன வாரம் ஆஸ்பத்திரியிலிருந்து திரும்பும்போது நாதஸ்வரக் கச்சேரி ஓடியது. தவிலில் இடது பக்கம் குச்சி விழும்போதெல்லாம் 'டர்ர்' என்று ஒரு அதிர்வு. "இதை முதல்ல நிறுத்துடா" என்றாள்.

கோனைச் சுற்றியிருக்கும் ஃபோம் விளிம்பு கால்வாசிக்கு மேல் கிழிந்திருக்கிறது. தொட்டால் நமத்துப்போன பிஸ்கட் மாதிரி கையோடு வருகிறது. ஒட்டிப் பயனில்லை, மாற்ற வேண்டியதுதான். காந்தத்தின் பின்னால் பார்ட் நம்பர் மட்டும் இருக்கிறது, மின்தடை எத்தனை ஓம் என்று போடவில்லை.

மல்டிமீட்டர் முனைகளை ஒன்றோடொன்று தொட்டால் 0.2. கோனை அசைக்கும் காயிலில் வைத்தால் 1.9. கழித்தால் 1.7. மீட்டர் காட்டுவது காயில் கம்பியின் டிசி ரெசிஸ்டன்ஸ். பெட்டியில் போடும் ஓம் கணக்கைவிட அது எப்போதும் கொஞ்சம் குறைவாகத்தான் இருக்கும். 4 ஓம் ஸ்பீக்கர் ஏறக்குறைய மூன்றரை காட்டும். அப்படியானால் இது 2 ஓம். பக்கத்திலேயே இன்னொரு ஜோடி முனை. அதிலும் 1.7. இரண்டு காயில், நாலு வயர்.

நவம்பர் 6, வியாழன், இரவு ஒன்றரை

தூக்கம் வரவில்லை, கணக்குப் போட்டுக்கொண்டிருக்கிறேன்.

வண்டி ஓடும்போது 14.4 வோல்ட். அந்த வோல்டேஜை உயர்த்திக் கொடுக்கும் சர்க்யூட் இல்லாத ஆம்ப் (ஆம்பிளிஃபையர்), பிரிட்ஜ் முறையில், அதாவது ஸ்பீக்கரின் இரண்டு முனையையும் எதிரெதிராக ஓட்டும்போது, 4 ஓமுக்குத் தெளிவாகத் தரக்கூடியது சுமார் 25 வாட்ஸ், அவ்வளவுதான். அதே ஆம்ப் 2 ஓமுக்கு 50 தரும். ஸ்பீக்கரில் ஓமைக் குறைத்தால் ஆம்புக்குச் செலவு செய்யாமலே பவர் கிடைத்துவிடுகிறது. கம்பெனிக்காரன் கெட்டிக்காரன். கடையில் கிடைப்பதெல்லாம் பெரும்பாலும் 4 ஓமாக இருக்க, வண்டிக்குள் மட்டும் 2 ஓம் உட்கார்ந்திருப்பது இதனால்தான்.

4 ஓம் மாட்டினால் பவர் பாதி, 3 டெசிபல் குறையும். ஆம்புக்கு ஒன்றும் ஆகாது. 1 ஓம் மாட்டினால் கரண்ட் இரண்டு மடங்கு, சூடு ஏறும், ஆம்ப் தன்னைக் காத்துக்கொள்ள அணைந்து நிற்கும். இல்லையென்றால் அதன் ஐசி சிப் போகும். மேலே போகலாம், கீழே போகக்கூடாது.

அம்மா அறையில் லைட் எரிகிறது. அவளும் தூங்கவில்லை.

நவம்பர் 7, வெள்ளி

சாம்பிளில் இன்னொரு ஸ்டெயின், அதாவது சாயம், போட்டுப் பார்க்கணுமாம். திங்கள்கிழமையாம். எதற்கு என்று கேட்டால் "டாக்டர்கிட்ட கேளுங்க சார்".

நவம்பர் 8, சனி

ஜி.பி. ரோடு, சென்னையில் கார் சாமான் கடைகள் இருக்கும் தெரு. மழை, முழங்கால் வரை சேறு. எந்தக் கடைக்குப் போனாலும் ஓமைப் பற்றிப் பேச்சே இல்லை, வாட்ஸ்தான். "12 இன்ச் போடுங்க சார், ஆயிரம் வாட்ஸ், ஊரே திரும்பிப் பார்க்கும்." என் வண்டியில் ஆம்புக்குப் போகும் ஃபியூஸ் 25 ஆம்பியர். 14.4-ஆல் பெருக்கினால் 360 வாட்ஸ். எல்லா ஸ்பீக்கருக்கும் சேர்த்து, சூடாகப் போவதையும் சேர்த்து. ஆயிரம் எங்கிருந்து வரும்? ஊர் எதற்குத் திரும்பிப் பார்க்கணும்?

கடைசிக் கடைப் பையன் மட்டும் காது கொடுத்துக் கேட்டான். ஆனால் அவன் சொன்ன வழி: "நாலு வயரையும் ரெண்டு ரெண்டா முறுக்கி ஒண்ணா கொடுத்துடலாம்ண்ணே." கிளம்பி வந்துவிட்டேன். வழியெல்லாம் அந்த நாலு வயர்தான் மனசில்.

நவம்பர் 9, ஞாயிறு

கனெக்டரைப் பிடுங்கி, கார் ஸ்டீரியோ செட்டை அணைத்து, ஆம்ப் பக்கத்து வயர்களைச் சோதித்தேன். இரண்டு பிளஸ்ஸுக்கும் நடுவில் தொடர்பு இல்லை. அதாவது ஒரே சேனலைப் பிரித்துக் கொடுக்கவில்லை, ஒவ்வொரு காயிலுக்கும் தனிச் சேனல். பையன் சொன்னபடி முறுக்கியிருந்தால் இரண்டு சேனலின் அவுட்புட்டும் நேருக்கு நேர் மோதியிருக்கும்.

செட்டைப் போட்டுவிட்டு வண்டியின் பாடியிலிருந்து அளந்தேன். பிளஸ், மைனஸ் இரண்டிலுமே 6 வோல்ட்டுக்கு மேல் நிற்கிறது. மைனஸ்தானே என்று பாடியில் தொட்டுவிடக் கூடாது. மொத்தத்தில் தேவை: 8 இன்ச், டூயல் காயில், ஒவ்வொன்றும் 2 ஓம், தனித்தனியாக இணைக்க வேண்டும்.

அம்மா இரண்டு இட்லி சாப்பிட்டாள். "பலகையை எப்ப மாட்டப்போற? பின்னாடி குப்பையா கிடக்கு."

நவம்பர் 10, திங்கள்

போன் எடுக்கவில்லை.

நவம்பர் 11, செவ்வாய்

கடையில் டூயல் 4 ஓம் கையிருப்பில் இருக்கிறதாம். டூயல் 2 என்றால் வியாழக்கிழமை. காத்திருக்கிறேன் என்றேன்.

3 டெசிபல்தானே என்று விடலாம்தான். ஆனால் இந்தக் கம்பெனி ஆம்பில் சப்வூஃபருக்கென்று சத்தத்தைக் கூட்டும் தனி கெயின் திருகு கிடையாது, குறைந்தது குறைந்ததுதான். இன்னொரு சங்கடம் சென்சிடிவிட்டி, அதாவது அதே பவருக்கு எவ்வளவு சத்தம் தரும் என்பது. புதிய சப்வூஃபர்களுக்குக் கோன் கனம், பெரிய ஆம்பை நம்பிச் செய்தவை. பழையது 90 டெசிபல், புதியது 84 என்று வைத்துக்கொண்டால், அதே சத்தத்துக்கு நாலு மடங்கு பவர் வேண்டும். ஓம் பொருந்திவிட்டாலும் ஊமையாக நிற்கலாம். அதனால் இருப்பதில் லேசான கோன் உள்ளதாகக் கேட்டிருக்கிறேன். காந்தத்தின் ஆழத்தையும் அளந்து அனுப்பச் சொல்லியிருக்கிறேன், டிக்கி மூடியின் கம்பி கீழே இறங்கும் இடம் அது.

அண்ணன் மூன்று தடவை கூப்பிட்டான். தெரிந்தால் சொல்ல மாட்டேனா?

நவம்பர் 13, வியாழன்

வந்துவிட்டது. 1.8, 1.8. கடிகார பேட்டரியை ஒவ்வொரு காயிலிலும் லேசாகத் தொட்டுப் பார்த்தேன், இரண்டிலும் கோன் வெளியே வருகிறது. ஒன்று தலைகீழாக இருந்தால் ஒன்றை ஒன்று அடித்துக்கொண்டு பேஸே இருக்காது.

ஓட்டைகள் பொருந்தவில்லை. எட்டு எம்எம் பிளைவுட்டில் ஒரு வளையம் வெட்டணும்.

மாலை ஐந்தே முக்காலுக்கு போன். ரிப்போர்ட் வந்துவிட்டதாம். போனில் சொல்ல மாட்டார்களாம், அம்மாவையும் அழைத்து வரச் சொன்னார்கள்.

நவம்பர் 14, வெள்ளி

வளையம் வெட்டவில்லை. பத்து மணிக்கு அங்கே இருக்கணும், கார் வேண்டும். நாலு வயரின் முனையிலும் தனித்தனியாக டேப் சுற்றி, பலகையை வைத்து மூடியிருக்கிறேன். அம்மா புடவை மாற்றிவிட்டாள், ஃபைலைத் தேடுகிறாள்.